தைக்காத ஓரம்

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி போன வருஷத்தது. இவுக கம்பெனியில மீந்து கிடந்ததுன்னு கொண்டாந்து குடுத்தாக. "பேச ஆள் இல்ல, பேச ஆள் இல்லன்னு காலையிலயும் சாயங்காலமும் பாட்டுப் படிக்கிறல்லா, இதுகிட்டப் பேசு"ன்னாக. தேதி சரியா இருக்கு, கிழமை மட்டும் ஒண்ணு தள்ளி இருக்கு. அச்சடிச்ச கிழமைய அடிச்சுட்டு எழுதுறேன்.

டைரிக்கு நான் யாருன்னு தெரியணும். நான் பிலோமி. ஊரு தூத்துக்குடி. வீட்டுக்காரர் பேரு கஸ்பார், குவைத்துக்கு வந்து இருபத்தோரு வருஷம். கல்யாணம் ஆகி இருபது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ரெண்டு மாசம் லீவுல வருவாக. அதையெல்லாம் கூட்டிப் பார்த்தா நாங்க சேர்ந்து இருந்தது ரெண்டு வருஷம்கூடத் தேறாது. போன வருஷம் மக ஷெரின் நர்சிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிட்டா. வீட்டுல நானும் ஃபேனும்தான். "சாகுறதுக்குள்ள ஒரு தடவையாவது என்னைக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கோங்க, இல்லன்னா போன்ல பேசவே பேசாதீங்க"ன்னு ஒரே சண்டை. ஏப்ரல்ல ஃபேமிலி விசா வந்துருச்சு.

இப்ப மூணாம் மாடியில ஒரு ரூம், ஒரு ஹால். ஜன்னல் கண்ணாடியில வெள்ளித்தாள் ஒட்டியிருக்கு, சோறு கட்டுற தாள்தான். அதையும் மீறி உள்ள வெளிச்சம் குத்துது. வெளியே நாப்பத்தாறு டிகிரி. நான் வெளியே போய் ஒன்பது நாள் ஆச்சு.

ஜூன் 5, வியாழன்

போர்வை தைக்க ஆரம்பிச்சிட்டேன். கடையில வாங்குன கம்பளி ஒரே ரோமம், ஒட்டக வாடை. இவுக ஏசிக்கு நடுங்குறாக. அவ்வளவு வெயில்ல நின்னுட்டு வந்த மனுசன் வீட்டுக்குள்ள வந்து நடுங்குறது எனக்குச் சிரிப்பா இருக்கு.

பழஞ்சேலை ரெண்டு கொண்டாந்திருந்தேன். அடியில ஒரு சேலை, நடுவுல பழைய பெட்ஷீட், மேல சாண் சாணா வெட்டுன துண்டுகள ஒட்டி, மூணையும் சேர்த்து நூலோட்டு. இரட்டைக் கட்டில் அளவு, ஆறடிக்கு ஆறடி. "இவ்வளவு பெருசு எதுக்கு?"ன்னு கேட்டாக. "ரெண்டு பேருக்குப் போத்த ஒரே போர்வை. இருபது வருஷத்துல நம்மகிட்ட அப்படி ஒண்ணு இருந்துச்சா?"ன்னேன். தூங்கிட்டாக.

ஜூன் 9, திங்கள்

வெளியே போகல. பதினாறு துண்டு தைச்சேன்.

ஜூன் 13, வெள்ளி

இன்னிக்கு இவுகளுக்கு லீவு. அதனால வாரத்துத் துணி மொத்தமும் துவைச்சேன்.

நீல யூனிஃபார்ம் சட்டைய ஊறப்போடுறதுக்கு முன்ன விரிச்சுப் பார்த்தேன். முதுகுல வெள்ளை வளையம், ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு. உப்பு. எங்க அப்பா உப்பளத்துல வேலை பார்த்தவரு, உப்பைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு வளையம்னா ஒரு தடவை முழுசா நனைஞ்சு காஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒரே நாள்ல மூணு தடவை காஞ்சிருக்கு. அப்பா சட்டையிலகூட ரெண்டுக்கு மேல நான் பார்த்ததில்ல.

சட்டப்படி பதினோரு மணியோட வெயில் வேலைய நிறுத்தணுமாம். அதுவரைக்கும் வேலை, அப்புறம் தகர ஷெட்டுல கிடை, நாலு மணிக்கு மேல திரும்ப வேலை. வீடு வந்து சேர ஏழரை ஆகுது.

அம்மா அப்பாவுக்குக் கஞ்சியில ஒரு கை உப்பு கூடப் போட்டுத்தான் குடுப்பா. வெளியே போனது உள்ள திரும்பணும்ல. நானும் இன்னையிலருந்து மோர்ல ரெண்டு ஸ்பூன் கூடப் போடப் போறேன். ரெண்டு லிட்டர் பாட்டில், தொட்டுக்க கருவாடு. ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டு "உப்பு கொஞ்சம் கம்மியாப் போடேன் பிலோமி"ன்னாக. "உப்பு விளையுற ஊர்ல பொண்ணு எடுத்துட்டு உப்பு வேண்டாமாக்கும்?"னு கேட்டேன். சிரிச்சுட்டு முழுசையும் குடிச்சாக.

ஜூன் 20, வெள்ளி

எனக்குக் கோவம். எழுதித்தான் தீக்கணும்.

சாயங்காலம் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ரெண்டு வாரமாச் சொல்லி, இன்னிக்கு நான் பச்சைச் சேலை கட்டி, பவுடர் போட்டு, ஆறு மணிக்கு ரெடியா நிக்கிறேன். "ஏளா, அஞ்சு நிமிஷம் கண்ண மூடிக்கிறேன்"னு சொல்லிப் படுத்தவுக எட்டரைக்குத்தான் முழிச்சாக. முழிச்சதும் நேரா பாத்ரூம். அங்க ஒரு அரை மணி நேரம். நான் சேலைய மாத்திட்டு ஊசியை எடுத்துட்டேன்.

ஊர்ல இருக்கும்போது போன்ல ஒரு மணி நேரம் பேசுவாக. இங்க ஒரே வீட்டுல இருந்து பத்து வார்த்தை தேறாது. தூரத்துல இருந்தப்பத்தான் நான் ருசிச்சேன்போல.

ஜூலை 4, வெள்ளி

துணி தீர்ந்துபோச்சு. சொன்னேன். நான் வர்ற வரைக்கும் இவுக தங்கியிருந்த கம்பெனி கேம்ப்ல, கூட வேலை பாக்குற சுடலைமணிகிட்ட ஒரு பெட்டி கிடக்குதாம். அதுல இருந்த பழந்துணிய மூட்டையாக் கட்டி எடுத்துட்டு வந்தாக. கைலி நாலு, பெட்ஷீட்டு ஒண்ணு, சாம்பல் கலர் சட்டை ரெண்டு.

அந்தச் சாம்பல் சட்டை நல்ல சட்டை. கம்பெனி முத்திரை இருக்கு. நாள்பட்டதுதான், துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு இருக்கு. ஆனா முதுகுல ஒரு கறை இல்ல, கக்கம் வெளுக்கல.

"இது யாரு சட்டை?"

"என்னதுதான்."

"நீலம்தான உங்களுக்கு?"

"முன்ன கம்பெனியில இது குடுத்தான்."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு சட்டைய வெட்டி நடுவுல வச்சுத் தைக்கிறேன். முகத்துல படுற இடம் மெத்துன்னு இருக்கட்டும். இன்னொண்ணு எதுக்கும் இருக்கட்டும்னு மடிச்சு வச்சுட்டேன்.

ஜூலை 12, சனி

இவுகளுக்குச் சதை போட்டிருக்கு. எனக்கு ஒரே பெருமை. மூஞ்சி உப்பலா, கண்ணுக்குக் கீழ எல்லாம் பூரிப்பா இருக்கு. சாக்ஸைக் கழட்டுனா கால்ல அச்சுப் பதிஞ்சிருக்கு. ஷூ பத்தலன்னு ஒரு நம்பர் பெருசு வாங்கிட்டு வந்தாக. ஷெரின்கிட்ட போன்ல சொன்னேன், "உங்கப்பாவுக்கு என் சாப்பாடு ஒட்டுதுடி"ன்னு. அவ "நல்லாச் சாப்பிடுறாங்களா, தண்ணி குடிக்கிறாங்களா, ஒண்ணுக்குச் சரியாப் போறாங்களா"ன்னு நர்ஸு மாதிரி கேள்வி கேட்டா. முதல் வருஷம் படிக்கிறதுக்குள்ள என்ன எடுப்பு. போடி, ஒரு அப்பாகிட்ட கேக்குற கேள்வியா இதுன்னு போனை வச்சுட்டேன்.

சாப்பிடும்போது இவுக கை விரல் அஞ்சும் மடங்கி, நீட்ட முடியாம நின்னுச்சு. தசை பிடிச்சுக்கிச்சாம். நான்தான் ஊட்டிவிட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டே வாங்கிக்கிட்டாக. இந்த ஊருக்கு வந்ததுல எனக்குச் சந்தோஷமான நாள் இன்னிக்குத்தான்.

ஜூலை 19, சனி

காலை ஒன்பது மணிக்கு ஏசி நின்னுபோச்சு. வாட்ச்மேன் என்னமோ சொன்னான், எனக்கு விளங்கல. குழாயைத் திறந்தா வெந்நீர். சுவத்தைத் தொட்டா இட்லிச் சட்டி. ஊசி கையில வழுக்குது. துண்டை நனைச்சுத் தலையில போட்டுக்கிட்டு பாத்ரூம் தரையில உக்காந்தேன். ஒரு மணி நேரத்துல நாக்கு ஒட்டிப்போச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சுது. கதவைத் திறந்து வெளிய ஓடலாம்னா வெளிய இதைவிட மோசம். பதினோரு மணிக்கு ஏசி வந்துச்சு. ரெண்டே ரெண்டு மணி நேரம்தான். அதுவும் நிழல்ல.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "தினமும் இதுலயா நிக்கிறீக?"

"பழகிருச்சு."

"இருபத்தோரு வருஷமாவா?"

"ம்."

அந்த "ம்" எனக்குப் பிடிக்கல. ஏன்னு தெரியல.

ஜூலை 26, சனி

ஊர்ல இன்னிக்கு பனிமய மாதா கோயில் கொடியேற்றம். போன்ல பார்த்தேன். பேருலயே பனி இருக்கு, இங்க ஐம்பத்தொண்ணு டிகிரி. இவுகளுக்காகத்தான் வேண்டிக்கிட்டேன். என்னன்னு வேண்டுனேன்னு எழுத மாட்டேன்.

சட்டையில இன்னிக்கு நாலு வளையம். மோர்ல இன்னும் ஒரு ஸ்பூன் கூட்டிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இவுக தூங்குன பிறகு எழுதுறேன்.

மூணு மணிக்குக் கதவு தட்டுற சத்தம். திறந்தா சுடலைமணி இவுகளைத் தோள்ல சாச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். இவுக முகம் சிமெண்டு நிறத்துல இருக்கு.

"பயப்படாதீங்க மதினி. பத்து மணிக்கு மயங்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில பாட்டில் ஏத்திட்டாங்க. அஞ்சு நாள் ரெஸ்ட்."

படுக்க வச்சோம். என் போர்வையைத்தான் போத்துனேன். ஓரம் இன்னும் முடியல, ஊசி தொங்கிட்டு இருந்துச்சு. அதைக் கழட்டிட்டுப் போத்துனேன். சுடலைமணி கட்டிலைப் பார்த்துட்டு அப்படியே நின்னான். போர்வை நடுவுல இருந்த சாம்பல் துண்டைத் தொட்டு, "ஸ்டோர் சட்டைய வெட்டிட்டீங்களா மதினி"ன்னான்.

"என்ன ஸ்டோரு?"

இவுக கண்ணைத் திறந்து "லே, வாய மூடு"ன்னாக. மூடிக்கிட்டு ஹாலுக்கு வந்தவனை நான் விடல. வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டேன்.

"அண்ணாச்சி என்னைக் கொன்னுருவாரு மதினி."

"அவரு எந்திரிச்சாத்தான கொல்லுவாரு. சொல்லு."

சொன்னான். இருபது வருஷமா இவுக வெயில்லயே வேலை பார்க்கல. ஸ்டோர் கீப்பர். போல்ட்டு, நட்டு, பெயிண்டு, ஏசி ரூம், சாம்பல் சட்டை. வெயில்ல, சைட்ல நிக்கிறவங்களுக்குத்தான் நீலம். ஸ்டோர் கிரேடுக்கு ஃபேமிலி விசா கிடையாது, ஃபோர்மேன் கிரேடுக்கு உண்டு. மார்ச் மாசம் இவுகளே எழுதிக் குடுத்து ஃபோர்மேனா சைட்டுக்கு மாத்திக்கிட்டாக. "நாற்பத்தெட்டு வயசுல போய் வெயில்ல நிக்கணுமா அண்ணாச்சின்னு நாங்க எல்லாரும் சொன்னோம். கேக்கல. இருபது வருஷமா எம்பொண்டாட்டி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கான்னாரு."

அவன் போனதும் நான் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன். ஏசி ஜில்லுன்னு இருந்துச்சு. அதை அமத்தணும்போல இருந்துச்சு, அமத்தவும் முடியாது, இவுக படுத்திருக்காக.

ஆகஸ்ட் 6, புதன்

ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பர்ஸுல தேடுனப்ப இன்னொரு காகிதமும் இருந்துச்சு. மார்ச் மாசத் தேதி. படம் பிடிச்சு ஷெரினுக்கு அனுப்பிட்டு, போன் பண்ணி வாசிக்கச் சொன்னேன். அவ ரெண்டு தடவை வாசிச்சுட்டுச் சொன்னா.

"அப்பாவுக்குக் கிட்னி கொஞ்சம் வேலை குறைஞ்சிருக்கும்மா. வெயில்ல நிக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கு. உப்பு குறைக்கணும்னு எழுதியிருக்கு."

"உப்பா?"

"ஆமாம்மா. உப்பு, கருவாடு, ஊறுகாய் எதுவும் கூடாது. அம்மா? லைன்ல இருக்கியா?"

கட்டை விரலால அப்பா முழங்காலுக்குக் கீழ, எலும்பு மேல அமுக்கிப் பாருன்னா. அமுக்குனேன். குழி விழுந்துச்சு. விரலை எடுத்தேன், குழி அப்படியே நின்னுச்சு. இதைத்தான் நான் சதைன்னு நினைச்சேன்.

பிரிட்ஜுல இருந்த மோரைச் சிங்க்குல கொட்டுனேன். கருவாட்டைக் கட்டிக் குப்பையில போட்டேன். மூணு ஸ்பூன். ரெண்டு மாசமா நானே என் கையால கலக்கி, பாட்டிலைக் குலுக்கி, மூடியைத் திருகிக் குடுத்திருக்கேன். சேசுவே, அந்த மனுசனும் ஒரு வார்த்தை சொல்லாம குடிச்சிருக்காரே.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்னிக்குப் பேசிப் பார்த்தேன்.

"ஸ்டோருக்கே திரும்பிப் போங்க."

"போனா உன் விசா போயிரும்."

"போகட்டும்."

"இன்னும் ஒரு மாசம் பிலோமி. செப்டம்பர் பாதியில வெயில் இறங்கிரும். சமாளிச்சுருவேன்."

"அப்ப ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருவோம்."

"ஷெரின் இன்னும் மூணு வருஷம் படிக்கணும். ஊர்ல யாரு எனக்கு வேலை வச்சிருக்கா?"

ஏன் என்கிட்டச் சொல்லலன்னு கேட்டேன். காகிதத்தை ஏன் ஒளிச்சு வச்சீக, மோரை ஏன் குடிச்சீக. ரொம்ப நேரம் போர்வையில இருந்த தையலை விரலால தடவிக்கிட்டே இருந்தாக. அப்புறம் சொன்னாக, "இருபது வருஷம் மெஸ்ஸுல சாப்பிட்டவன் நான். நீ உப்பு போட்டுக் கலக்கித் தாரேன்னு நிக்கிற. அதைப் போய் வேண்டாம்னு சொல்ல வாய் வரல."

அடிக்கணும்போல இருந்துச்சு. கட்டிப் பிடிக்கணும்போலவும் இருந்துச்சு. ரெண்டும் செய்யல, உப்பில்லாத கஞ்சி வச்சுக் குடுத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வேலைக்குப் போயிட்டாக. வாசல்ல நின்னு கையைப் பிடிச்சு இழுத்தேன், விரல் விரலா விலக்கிட்டுப் போனாக. ஜன்னல்ல வெள்ளித்தாளை ஒரு ஓரம் உரிச்சு, பஸ் போறதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

சுடலைமணிக்குப் போன் போட்டேன். ஸ்டோர்ல இப்ப தற்காலிகமாத்தான் ஆள் வச்சிருக்காங்களாம். மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுத்தா இவுகளையே திரும்ப எடுத்துக்குவாங்களாம். ஆனா அண்ணாச்சி கையெழுத்துப் போடணும் மதினின்னான்.

அங்கதான் முட்டிக்கிட்டு நிக்குது. நான் இங்க இருக்கிற வரைக்கும் இவுக கையெழுத்துப் போட மாட்டாக. நானாக் கிளம்பலாம்னா தனியா டிக்கெட் போடத் தெரியாது, பாஷை தெரியாது, பாஸ்போர்ட்டு இவுக பெட்டிக்குள்ள. ஆபீசுல போய் அழலாம்னா ஆபீஸ் எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாது. மத்தியானம் தெருவுல இறங்குனா நூறு அடி தாண்ட மாட்டேன். என்கிட்ட இருக்கிறது ஊசியும் கத்தரியும்தான்.

லெட்டரை இங்கிலீஷ்ல எழுதித் தரச் சொன்னேன். கேம்ப் கட்டில் எத்தனை அடி அகலம்னும் கேட்டேன்.

"மூணு அடி இருக்கும். எதுக்கு மதினி?"

சொல்லல.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்பு. வீட்டுலயே ஜெபமாலை சொன்னேன்.

காலையில இவுக தூங்கும்போது போர்வையை மெதுவா உருவிட்டு வந்து ஹால்ல விரிச்சேன். ரெண்டு மாசம் தைச்சது. நேத்துத்தான் நாலு ஓரமும் மடிச்சு முடிச்சேன். நடுவுல மடக்கி, மடிச்ச கோட்டுல கத்தரிய வச்சேன். மூணு பட்டைத் துணி, லேசுல வெட்டுப்படல. விரல்ல பிளாஸ்திரி சுத்திக்கிட்டு நறுக்குனேன். சாம்பல் சட்டையும் ரெண்டாப் போச்சு.

முக்கால்வாசி வெட்டியாச்சு, நிமிர்ந்து பார்த்தா இவுக வாசப்படியில நிக்கிறாக.

"ஏளா, பைத்தியமா உனக்கு?"

"மூணடி உங்களுக்கு. கேம்ப் கட்டிலுக்குச் சரியா இருக்கும். மூணடி எனக்கு."

"பிலோமி."

"நீங்க செத்துப்போனா ஆறடிப் போர்வைய வச்சு நான் என்ன செய்ய?"

சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்தாக. கல்யாணமான நாள்லருந்து இவுக அழுது நான் பார்த்ததில்ல. ஏர்போர்ட்டுல கூட அழ மாட்டாக. இன்னிக்குச் சத்தம் வராம அழுதாக. நானும் அழுதேன், ஆனா கத்தரிய நிறுத்தல. மிச்சத்தையும் வெட்டி முடிச்சிட்டு, லெட்டரையும் பேனாவையும் எடுத்துட்டு வந்து முன்னால வச்சேன். சுடலைமணி போன்ல அனுப்புனதைக் கீழ் வீட்டு அம்மா பையன் பிரிண்டு எடுத்துக் குடுத்தான்.

ரொம்ப நேரம் கழிச்சுக் கையெழுத்துப் போட்டாக. விரல் மடங்கிக்கிச்சு, நான்தான் பேனாவைச் செருகிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

எனக்கு மத்தியானம் பிளைட். மிச்சம் இருந்த சாம்பல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கதவுல மாட்டியிருக்கேன். அவுக பாதிப் போர்வைய அவுக பையில வச்சாச்சு. வெட்டுன பக்கத்தை மட்டும் மடிச்சுத் தைக்கல. நேரமில்லன்னு சொல்லிட்டேன். பதினஞ்சு நாள் சும்மாதான் உக்காந்திருந்தேன்.

கடலுக்கு நேத்துக் கூட்டிட்டுப் போனாக. காரைவிட்டு இறங்க முடியல, அவ்வளவு சூடு. கண்ணாடி வழியாப் பார்த்துட்டு வந்தோம்.

செப்டம்பர் 9, செவ்வாய், தூத்துக்குடி

இங்க நேத்து மழை. நானும் ஃபேனும்.

சாயங்காலம் போன் பண்ணுனாக. ஸ்டோர்ல உக்காந்தாச்சாம். "சட்டை முதுகைப் படம் பிடிச்சு அனுப்புங்க"ன்னேன். அனுப்புனாக. உப்பு இல்ல. "காலை அமுக்கிப் படம் பிடிங்க"ன்னேன். அதையும் அனுப்புனாக. பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தேன். குழி இருக்கா, லைட்டு நிழலா, ஒண்ணும் தெரியல. அமுக்கிப் பார்த்தாத்தான் தெரியும். இங்கருந்து எப்படி அமுக்க?

"இல்ல பிலோமி, வத்திருச்சு"ன்னாக. நம்புறதைத் தவிர வேற வழியில்ல.

அப்புறம் வழக்கம்போல ஒரு மணி நேரம் பேசுனாக. மெஸ்ஸுல உப்பில்லாம தனியா எடுத்து வைக்கிறாங்களாம், வாயில வைக்க விளங்கலையாம். போனை வைக்கப் போறப்ப சொன்னாக, "போர்வையில ஒரு பக்கம் நூல் பிரிஞ்சுக்கிட்டே வருது. சுடலைமணி மடிச்சுத் தச்சுத் தாரேன்னான்."

"தச்சுட்டானா?"

"வேண்டாம்னுட்டேன். மடிச்சாப் பின்னால ரெண்டையும் ஒட்டும்போது அளவு குறையும்லா."

அதை நான் அவுககிட்ட சொல்லவே இல்ல. என் பாதியை எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இங்கயும் நூல் பிரியுது.